அருள்புரம் ரேஞ்சர்

ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, தனபால் போனோடு வெளியே ஓடினார்.

இந்துமதி அவர் போன திசையையே பார்த்தாள். சில மாதமாக இதே கூத்துதான். போன் வந்தால் மனுஷன் உட்கார்ந்த இடத்தில் இருப்பதில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நடத்துகிற பனியன் கம்பெனி அது. வெளிவேலை அவருக்கு, உள்வேலை அவளுக்கு. பனியனில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவளுக்கு. அந்தக் கண் புருஷன் மேல் திரும்பினால் சும்மா இருக்குமா?

கம்பெனி வாசலில் அடுக்கியிருந்த துணிக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தாள்.

"பயப்படாதீங்க கண்ணு... மூச்சு விடுதுங்களா?... கூட்டத்தைப் பக்கத்துல விட வேண்டாம். நான் பேசிட்டேன், ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. அதுவரைக்கும் தலையைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கோங்க."

இந்துமதிக்குப் பகீரென்றது. யாருக்கு மூச்சு? எவளுக்குப் பிரசவம்?

நேரே போய்ப் போனைப் பிடுங்கினாள்.

"ஏனுங்க, யாருங்க அது? எந்த ஊடுங்க?"

"வீடா? நாங்க தொண்டிப் பக்கம் கடலுக்குள்ள நிக்கிறோம்மா!" ஒரு வாலிபக் குரல். பின்னால் ஒரே இரைச்சல். "ஆவுளியா வலையில மாட்டிக்கிருச்சு. ரேஞ்சர் சார்ட்ட குடுங்க!"

"ஆவுளியாவா? அவ யாருங்க?"

"அய்யோ, கடல் பசும்மா! சீக்கிரம் சார்ட்ட குடுங்க!"

தனபால் போனைத் திரும்ப வாங்கினார். "வாலைப் புடிச்சு இழுத்துறாதீங்க கண்ணு. வலையை மட்டும் அறுங்க. வலைக்கு உண்டான நஷ்டஈட்டை அப்பறம் பேசிக்கலாம்."

வைத்துவிட்டுத் திரும்பினால், இந்துமதி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"ரேஞ்சருங்களா? எப்ப இருந்துங்க? அருள்புரத்துல ஏதுங்க கடலு? இங்க இருக்கறது சாயத்தண்ணிதானுங்களே!"

தனபால் அசடு வழிந்தார்.

"மீனவர்களுக்குக் குடுக்கறதுக்குன்னு ஒரு டிரஸ்ட்டுக்கு நீலப் பனியன் போட்டமே, ஞாபகம் இருக்குதா? முதுகுல ஆமைப் படம். கீழ, 'கடல் உயிர்களுக்கு ஆபத்தென்றால் உடனே அழைக்கவும்'னு."

"ஆமாங்க."

"நம்பரை அப்பறம் தர்றேன்னாங்க. சாம்பிள்ல எடம் காலியா இருக்க வேண்டாம்னு என் நம்பரைப் போட்டோம்."

அது அந்தக் கம்பெனி வழக்கம். நம்பர் வந்து சேராத சாம்பிளுக்கெல்லாம் முதலாளியின் செல் நம்பரைப் போட்டு ஒன்று அடித்துப் பார்ப்பார்கள். பிறகு மாற்றிக்கொள்வார்கள். அந்தத் தடவை யாரும் மாற்றவில்லை. மொத்தப் பனியனும் தனபாலின் நம்பரோடு கடலுக்குப் போய்விட்டது. கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் வனத்துறை ரேஞ்சர்.

"சரியான நம்பரைச் சொல்ல வேண்டியதுதானுங்களே?"

"டிரஸ்ட்காரங்க சரியான நம்பரைப் போட்டுக் கரையில போர்டே வெச்சுட்டாங்க. படகுல போறவனுக்கு போர்டா தெரியும்? முன்னாடி உக்காந்திருக்கறவன் முதுகுதான் தெரியும். அதுவுமில்லாம, நீ பார்த்துப் பார்த்து அனுப்பின துணி. கிழிஞ்சாத்தானே தூக்கிப் போடுவாங்க!"

இந்துமதிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"ராங் நம்பர்னு சொல்லிட்டு வெச்சிருங்களேன்."

தனபாலின் முகம் மாறியது.

"மொத போனுக்கு அப்படித்தான் சொன்னேன். அந்தப் பையன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். லோடு ஏத்தற அவசரம், கட் பண்ணிட்டேன். சாயங்காலம் போட்டோ அனுப்பியிருந்தான். இத்தாச்சோட்டுப் பெரிய ஆமை, கழுத்துல வலைக் கயிறு சுத்திச் செத்துக் கெடக்குது. 'உங்களுக்காகத்தான் காத்திருந்தோம் சார்'னு எழுதியிருந்தான். எனக்குச் சோறு எறங்கல இந்து. அன்னிக்கே கடல் சரணாலய ஆபீஸ் நம்பரைத் தேடிப் புடிச்சேன். இப்பப் போன் வந்தா அவங்களுக்குச் சொல்லிருவேன். அவங்க போய்ச் சேர்ற வரைக்கும், அவங்க சொல்லச் சொன்னதை இவங்களுக்குச் சொல்லிட்டிருப்பேன்."

போன் மறுபடி அடித்தது. இந்துமதிக்கே கேட்கிற சத்தத்தில் தொண்டிப் பையன் கத்தினான். "போயிருச்சு சார்! ஆபீசருங்களும் வந்துட்டாங்க. ஒரு முங்கு முங்கிப் போயே போயிருச்சு!"

பேரன் பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி தனபால் சிரித்தார். இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று இந்துமதிக்கு வெட்கமாகிவிட்டது.

ஆனால் வந்த கோபத்தை வெறுங்கையோடு திருப்பி அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை.

"நம்பரைப் பார்க்காம ஓட்டச் சொன்ன புண்ணியவான் யாருங்க? முனீஸா?"

"அது எப்பவோ நடந்தது. விடு இந்து."

"எப்படிங்க விடறது? ஒரு உசுரு போயிருக்குது! இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பறனா இல்லையா பாருங்க. முனீஸு!"

பிரிண்டிங் மாஸ்டர் முனீஸ் கையெல்லாம் பெயிண்டோடு ஓடி வந்தான். சாத்தூர்ப் பக்கமிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவன். இந்த வேலையை நம்பித்தான் பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான்.

"அந்த ஆமைப் பனியனுக்கு ஓகே சொன்னது யாரு?"

முனீஸ் தனபாலைப் பார்த்தான். தனபால் கூரையைப் பார்த்தார்.

"நாந்தான்க்கா," என்றான் முனீஸ்.

"நான்தான்," என்றார் தனபால், அதே நேரத்தில்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். இந்துமதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்ல மெல்ல அவள் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

அவள் ஓகே சொல்லாமல் அந்தக் கம்பெனியில் ஒரு கைக்குட்டைகூட மிஷினில் ஏறாது. அன்றைக்கு அந்தச் சாம்பிளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கலர் சரி, தையல் சரி, ஆமைக்குக் கண்கூடச் சரி என்று சொல்லி, "ஓட்டுங்க" என்றது அவள்தான்.

அதைத்தான் இந்த இரண்டு பேரும் இத்தனை மாதமாக அவளிடமிருந்து ஒளித்து வைத்திருந்தார்கள்.