தார்ப்பாய்க்கு அடியில்

“ஓடுகளைத் தொடவும் கூடாது, வீடு நனையவும் கூடாதுன்னா நான் என்னதாம்மா செய்யறது? மழைகிட்டப் போய்க் கையைக் காலைப் பிடிக்கவா?”

ஸ்டேஷன் மாஸ்டர் போனில் போட்ட கூச்சலில் வீடே அதிர்ந்தது.

“சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் எதையும் மாத்தாதீங்க சார். மேற்கொண்டு சேதம் ஆகாமலும் பார்த்துக்குங்க” என்றாள் இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண். முந்தாநாளும் இதையேதான் சொன்னாள். அதற்கு முந்தின வாரமும்.

ஆலங்கட்டி மழை அடித்து ஓய்ந்து மாதம் ஒன்றாகப் போகிறது. கோலிக்குண்டு கோலிக்குண்டாக விழுந்து படுக்கையறைக்கு மேலே ஓடுகளை நொறுக்கிவிட்டுப் போயிற்று. கிளெய்ம் நம்பர் கொடுத்தார்கள். போட்டோ கேட்டார்கள். போட்டோ தெளிவாக இல்லை என்றார்கள். சர்வேயர் இதோ வருகிறார் என்றார்கள். வேலையில் இருந்தவரை ‘வண்டி தாமதமாக வரும்’ என்று மற்றவர்களுக்குச் சொல்லியே பழகிய மனிதர், இப்போது தானே பிளாட்பாரத்தில் நிற்கிற மாதிரி தவித்தார்.

உள்ளே, இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறாள் மனைவி. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் தலையணையை நனைத்த அன்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கையோடு ஓடு மாற்றிவிடலாம் என்றால் கிளெய்ம் போய்விடும். ஆள் வைத்து மேலே தார்ப்பாய் போட்டார். அதையும் மீறி ஒழுகியது. பிறகு என்ன மாயமோ, ஒழுகல் தானாக நின்றுவிட்டது.

“கீழேருந்து கயித்தை நான் இழுத்துக் கட்டின கட்டு அப்படி!” என்று மார்தட்டிக்கொண்டார். அடுத்த மூச்சிலேயே கோபம் பக்கத்து வீட்டுக்குத் தாவியது. “இருக்கானே என் தம்பி, சுவத்துக்கு அந்தப் பக்கம்! ஒரு தடவை எட்டிப் பார்த்தானா? அண்ணிக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டானா? கல்நெஞ்சுக்காரன்!”

“நீங்கதான் அவரோட பேச்சை நிறுத்தி வருஷக்கணக்கா ஆச்சே. எந்த முகத்தோட வருவாரு?” என்றாள் மனைவி.

“சாக்கடைக் குழாயை என் பக்கம் திருப்பி விட்டவன்கிட்ட எனக்கென்ன பேச்சு?”

ஒருவழியாகச் சர்வேயர் வந்து சேர்ந்தார். கையோடு கொண்டுவந்த ஏணியை வைத்து ஏறி, கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை விலக்கினார்.

“சார், இங்க ஒரு ஓடு கூட உடையலையே?”

“என்னது? நல்லாப் பாருங்க!”

“பார்த்துட்டேன். நீங்க அனுப்பின போட்டோவுல உடைஞ்சிருக்கு, கூரையில உடையல. இப்படி இருந்தா பொய் கிளெய்ம்னுதான் நான் எழுதணும்.”

டிக்கெட் இல்லாமல் சொந்த மாமனாரைக்கூட வெளியே விடாத மனிதர் மாஸ்டர். அவரைப் பார்த்தா பொய் என்கிறார்கள்?

ஜன்னல் வழியாக மனைவி கூப்பிட்டாள். “என்னங்க, தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோமே, அன்னிக்குக் கட்டில் மேல எல்லாம் ஓட்டுத் தூளா கிடந்துது. இப்பத்தான் தோணுது. இங்க ஏணி வச்சிருக்கறது உங்க தம்பி ஒருத்தர்தான்.”

“அவனா! எனக்குப் பணம் வரக் கூடாதுன்னே செஞ்சிருக்கான்!”

விறுவிறுவென்று சுவரோரம் போனார்.

“டேய்! வெளிய வாடா!”

இத்தனை வருடம் கழித்துத் தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

தம்பி வெளியே வந்தான். “என்ன?”

“என் கூரையில கை வச்சியா?”

“வச்சேன். அண்ணி மேல தண்ணி சொட்டுதுன்னு பால்காரர் சொன்னாரு. நீ ஓடு மாத்தற வரைக்கும் அவங்க நனைஞ்சுகிட்டே கிடக்கணுமா?”

“சர்வேயர் வந்து பார்க்கறதுக்கு முன்னாடி தொடக் கூடாதுடா, மடையா!”

“அது எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட யாரு பேசினா?”

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தார். கோபம் மட்டும் இறங்க மறுத்தது.

“உடைஞ்ச ஓடுகளாவது இருந்தா அதைப் பார்த்து எழுதிக்கலாம்” என்றார் சர்வேயர், மேலிருந்தபடியே.

“எல்லாம் என் கொல்லையில அடுக்கி வச்சிருக்கேன். வந்து பார்த்துக்கச் சொல்லு” என்றான் தம்பி அண்ணனிடம்.

“மாத்தின ஓட்டுக்கு பில் இருந்தா இன்னும் நல்லது.”

“பில் இல்ல.”

“பில் இல்லாம எவன்டா குடுத்தான்?” மாஸ்டர் மறுபடி சூடானார். “அப்பா காலத்து ஓடுடா இது! நான் ஏறி இறங்காத கடை இல்ல. எங்கயும் இல்லன்னு கையை விரிச்சுட்டாங்க. உனக்கு மட்டும் எங்க கிடைச்சுது?”

தம்பி திரும்பி உள்ளே போய்விட்டான்.

“திமிரைப் பார்த்தீங்களா சார்? எங்க வாங்கினேன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவான்?” என்று மேலே பார்த்துக் கத்தினார் மாஸ்டர்.

சர்வேயர் கூரை உச்சியில் நின்று, பக்கத்து வீட்டின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர் எங்கயும் வாங்கல சார். அந்தப் பக்கக் கூரையில ஓடே இல்ல. இங்கேருந்து அவர் படுக்கற கட்டில் தெரியுது.”