விடுபட்ட எண்

நாய் ரிமோட்டைக் கடித்துத் துப்பியிருந்தது. மேட்ச் தொடங்க இருபது நிமிடம்தான் இருந்தது.

"பிக்கிளுக்கு ரிமோட்தான் பிடிக்கும்னு தெரிஞ்சிருந்தா, இத்தனை வருஷம் எலும்பு வாங்கிப் போட்டிருக்கவே வேண்டாம்" என்றார் ராய்ஸ்.

அவர் மனைவி மார்லிஸ் சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

கைபேசியையே ரிமோட்டாக மாற்றிவிடலாம் என்று ராய்ஸ் அதற்கான செயலியை இறக்கி வைத்திருந்தார். முப்பது வருடம் இரும்புச் சுரங்கத்தில் மின்வேலை பார்த்தவர். ஆனால் அந்தச் செயலியால் டிவிப் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் ஐபி முகவரியை நீங்களே கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"வைஃபை பட்டியல்ல இருக்கும், மார்ல்ஸ். நம்ம வீட்டுல எது எது சேர்ந்திருக்கோ எல்லாத்துக்கும் ஒரு நம்பர் இருக்கும். நீ வாசி."

காலையில் அவர் தன் மூக்குக்கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து அதை உடைத்துவிட்டிருந்தார்.

அவள் டேப்லெட்டை மடியில் வாங்கிக்கொண்டாள். அப்படி ஒரு பட்டியல் இருப்பதே அவளுக்கு அந்த நிமிடம்வரை தெரியாது.

வீட்டுக்குள் வந்து வைஃபையைத் தொட்ட எல்லாமே அதில் தன் பெயரை எழுதி வைக்குமாம்.

எல்லாமே என்றால்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம், கராஜின் பரணில், பதினாறு நாட்களாக அவர்களுடைய மகன் ட்ரென்ட் இருக்கிறான்.

ஏப்ரலில் அவன் குடித்துவிட்டு அப்பாவின் டிரக்கைக் கேட்காமல் எடுத்துப் போனான். ஏரிப் பாலத்தின் கைப்பிடியில் மோதி அதை நொறுக்கினான். மறுநாளே ராய்ஸ் வாசல் பூட்டை மாற்றினார். இனி அவன் என் மண்ணை மிதித்தால் நானே போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். சொன்னால் செய்கிற மனிதர்.

நவம்பரில் ட்ரென்ட் ஒரு பையோடு திரும்பி வந்தான். அவனுடைய விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. அவள் எதுவும் யோசிக்காமல் அவனைப் பரணில் ஏற்றிவிட்டாள். ராய்ஸின் முழங்கால் இப்போது ஏணி ஏறாது.

மற்ற எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். பனியில் விழுந்த காலடிகளைத் துடைப்பத்தால் கலைத்தாள். பரண் ஜன்னலுக்குக் கம்பளி அடித்தாள். குப்பை கொட்டப் போகிற சாக்கில் சாப்பாடு கொண்டுபோனாள். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள் என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

இதை யோசிக்கவில்லை.

பூட்டைத்தான் ராய்ஸ் மாற்றினார். வைஃபைக்கு எட்டு வருடமாக ஒரே கடவுச்சொல்தான். முற்றத்தில் அவன் கால் வைத்ததுமே, பையிலிருந்த கைபேசி தானாக வீட்டோடு சேர்ந்திருக்கும்.

வெளியே இன்று குளிர் பூஜ்யத்துக்கும் கீழே.

"என்ன, எழுத்துக்கூட்டி வாசிக்கிறியா? கடைசி நம்பர மட்டும் சொல்லு. முன்னாடி இருக்கிறதெல்லாம் ஒண்ணுதான்."

"ரெண்டு, உன் போன். மூணு, என்னோடது."

ராய்ஸ் விரல்விட்டு எண்ணினார்.

"நாலு, பிரிண்டர். அஞ்சு, இந்த டேப்லெட்டு."

"ம்."

"ஆறு... வாசல் மணி. ஏழு, சமையலறை விளக்கு."

அவள் குரல் அவளுக்கே பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல இருந்தது. திரையை மேலே தள்ளினாள். அடுத்த வரிகள் வந்தன.

ட்ரென்ட்டின் போன்.

அவ்வளவு வெளிப்படையாக, பெரிய எழுத்தில், பச்சைப் புள்ளியோடு. இருமலைக்கூட அடக்கிக்கொண்டிருக்கிறவனின் கைபேசி இங்கே தன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

கட்டைவிரலால் அந்த வரியை மூடினாள். ராய்ஸால் படிக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் மூடினாள்.

"எட்டு, தெர்மோஸ்டாட். பத்து, ஏதோ கம்பெனிப் பேரு, எழுத்தும் நம்பருமா இருக்கு."

"அதான்! அதான் டிவிப் பெட்டி."

கைபேசியைக் கண்ணிலிருந்து ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொண்டு அவர் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். டிவி விழித்துக்கொண்டது. மைதானத்தின் இரைச்சல் அறை முழுவதும் நிறைந்தது. நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

மார்லிஸ் டேப்லெட்டை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். மூச்சை மெல்ல வெளியே விட்டாள். இன்று இருட்டியதும் முதல் வேலையாக அந்தக் கைபேசியை அணைக்கச் சொல்ல வேண்டும்.

"ஒன்பது?" என்றார் ராய்ஸ்.

அவர் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஒன்பது?"

"எட்டு சொன்ன. பத்து சொன்ன."

"ஒன்பது இல்ல, ராய்ஸ். நடுவுல ஒண்ணு விட்டுப்போயிருக்கும்போல."

"ஒன்பதும் இருக்கும். நல்லாப் பாரு."

அவள் டேப்லெட்டை நிமிர்த்தவில்லை. கைகள் அதன் மேல் அப்படியே கிடந்தன. போலீஸ், பனி, அந்த ஒற்றைப் பை, எல்லாம் ஒரே சமயத்தில் அவளுக்குள் எழுந்தன.

"அதுக்குப் பக்கத்துல கோடு கோடா இருக்கும், சிக்னல் எவ்ளோன்னு" என்றார் அவர், இன்னும் திரும்பாமல். "போன வாரம் ஒரு கோடுதான் இருந்துச்சு. அப்புறம்தான் கராஜப் பாத்த ஜன்னல்ல சிக்னலக் கூட்டுற பூஸ்டர் ஒண்ணு மாட்டினேன். இப்ப எத்தனை காட்டுதுன்னு சொல்லு."

அவள் டேப்லெட்டைத் திறந்தாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கோடுகளை எண்ண இரண்டு முறை கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

"மூணு."

"போதும்" என்றார் ராய்ஸ். "அங்கயும் மேட்ச் நின்னு நின்னு வராது."