கரட் பூ

“எனக்குச் சலாட்தான் வேணும். அது வராம மேசையில வேற ஒண்டும் வைக்காதீங்க” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் முபாறக் ஹாஜியார்.

பரிமாறும் பர்ஸான் தலையைச் சொறிந்தான். “கொஞ்சம் பொறுங்க ஹாஜியார். சலாட் பெமிலி ரூமுக்குள்ள போயிரிக்கு. வந்த உடன தாறன்.”

கல்முனை மெயின் வீதியில் அந்தக் கடையின் கொத்து ரொட்டிக்கு மயங்காதவர்கள் குறைவு. அங்கே உட்கார்ந்து, மூக்கைத் துளைக்கும் வாசனைக்கு நடுவே, சலாட்டுக்காகக் காத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் ஹாஜியாருக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவருக்கும் மனைவி நஸீறாவுக்கும் சீனி வருத்தம். போன வருஷம் அதே வருத்தத்தால் நஸீறாவின் கூடப்பிறந்த காக்காவுக்கு ஒரு காலையே எடுத்துவிட்டார்கள். “நீங்களும் இப்பிடிக் கிடந்தா என்னால தாங்க ஏலா” என்று ஆஸ்பத்திரி விறாந்தையில் அழுதவள், அன்றே ஒரு சட்டமும் போட்டாள். இருவரில் யார் வெளியில் சாப்பிட்டாலும், சாப்பாட்டைப் படம் எடுத்து மற்றவருக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

இன்று நஸீறா மருதமுனையில் தன் மூத்த சகோதரி றஹீமா றாத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தாள்.

போன் அதிர்ந்தது. நஸீறாவின் படம். வெள்ளரிக்காய், தக்காளி, நடுவில் அழகாகச் செதுக்கிய ஒரு கரட் பூ. கீழே ஒரு வார்த்தையும் இல்லை.

றாத்தா வீட்டு விருந்திலும் இவள் பச்சைக்காயைத்தான் மெல்லுகிறாளே என்று ஹாஜியாருக்கு வெட்கமாகிவிட்டது. அவள் மேல் பாசம் பொங்கியது. நாளையிலிருந்து தானும் அப்படித்தான் என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் நிய்யத் வைத்தார்.

சலாட் வந்தது. “கரட் பூவைப் பாத்துக்கங்க ஹாஜியார், ஒண்டுதான் இரிக்கு” என்றான் பர்ஸான்.

ஹாஜியார் தட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தி, படம் எடுத்து, அனுப்பினார். அவரும் ஒன்றும் எழுதவில்லை. மக்காவுக்குப் போய் வந்த மனிதர் பொய் எழுதலாமா? போனில் கோல் எடுத்துப் பேசினாலும் கொத்து ரொட்டி கொத்தும் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். படத்துக்குத்தான் வாய் இல்லை.

“சரி, இதைக் கொண்டு போங்க. மாட்டிறைச்சிக் கொத்து ஒண்டு, சீஸ் கொஞ்சம் கூடப் போட்டு.”

“ஓம் ஹாஜியார். நீங்க வரக்கொள்ளயே போடச் சொல்லிட்டன்.”

சுடச்சுடக் கொத்து வந்தது. முதல் வாயை மென்றபடியே ஹாஜியார் கேட்டார்: “இந்தச் சலாட்டுக்கு இப்ப நல்ல ஓட்டம் போல?”

“படம் எடுக்கத்தான் ஹாஜியார், ஒராளும் தின்னுறல்ல. பெமிலி ரூமில ரெண்டு பொம்புளைகள் இரிக்காங்க. படத்த எடுத்துப்போட்டு, புரியாணியும் இனிப்பு வட்டிலப்பமும் வெளுத்துக் கட்டுறாங்க.”

“அல்லாஹ்! அதுகள்ற புருசன்மார நினைச்சாப் பாவமா இரிக்கு” என்று உச்சுக் கொட்டினார் ஹாஜியார்.

போனைப் பார்த்தார். நஸீறா அவருடைய படத்தைப் பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்திருந்தது. வழக்கமாக உடனே வரும் ‘மாஷா அல்லாஹ்’ மட்டும் வரவில்லை.

பெமிலி ரூமின் திரை படக்கென்று விலகியது. கொத்துச் சத்தத்தையும் மீறிக்கொண்டு, முப்பது வருஷமாக அவர் கேட்டுப் பழகிய குரல் வந்தது.

“தம்பி, இப்ப இஞ்ச இரிந்து கொண்டு போன சலாட்ட எந்த மேசைக்குக் குடுத்த?”