டேப்பில் கேட்ட குரல்

திருப்பதி தீயணைப்புப் பயிற்சி வகுப்பில் ஆதிநாராயணன் சார் இருபது வருஷத்துப் பழைய டேப் ஒன்றைப் போட்டார்.

“அவசர போன்ல கேட்டத மட்டும் எழுதுங்க. இல்லாதத எழுதுனா ஃபெயிலு.”

டேப்பில் ஒரு பெண் இருமினாள். “வூடு எரியுது சார், ஓடியாங்க! அழாதடி சின்னி...”

குழந்தை ஒன்று வீறிட்டது. போன் தொடர்பு அறுந்தது.

முதல் இருமலிலேயே, வகுப்பில் இருந்த ரூபாவின் பேனா ஓட ஆரம்பித்திருந்தது. தாளை வாங்கிப் பார்த்த சார் சிரித்தார்.

“நாகலாபுரம், கீழத் தெரு, கடைசி வூடா? கனவு கண்டுக்கினு இருந்தியாம்மா? அந்தம்மா அட்ரஸே சொல்லல. அதான் வண்டியும் போவல. நீ ஃபெயிலு.”

“சரிங்க சார். இன்னொரு வாட்டி போடுங்க. எங்கம்மா குரல் கேட்டு இருபது வருஷம் ஆவுது.”

“உங்கம்மாவா?”

“நான்தான் சார் அந்தச் சின்னி.”