பாலக்காடு, வழி கிணத்துக்கடவு

"பெரியவரே, இந்த டிக்கெட் இந்த ரயிலுக்குச் செல்லாது" என்றார் வேதமுத்து.

வேதமுத்து டிக்கெட் பரிசோதகர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். சொந்த மைத்துனனையே டிக்கெட் இல்லையென்று நடுவழியில் இறக்கிவிட்டவர் என்று போத்தனூரில் பேச்சு உண்டு. மைத்துனன் இன்னும் பேசுவதில்லை. வேதமுத்துவுக்கு அதில் வருத்தமும் இல்லை.

கரி எஞ்சின் பொள்ளாச்சியை விட்டுப் போத்தனூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. டிக்கெட்டை நீட்டியவர் கொல்லங்கோட்டு விவசாயி சின்னையன். ஜன்னலோரத்தில் நிறைமாத வயிற்றோடு அவர் மருமகள் வேலாத்தாள். இரண்டு டிக்கெட்டும் கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காட்டுக்கு.

கொல்லங்கோட்டுக்கு நேர் வடக்கே இருக்கிறது பாலக்காடு. ஒரே ரயில், கொஞ்ச நேரப் பயணம். இவர்களோ கிழக்கே பொள்ளாச்சி வந்து, ரயில் மாறி, வடக்கே போத்தனூர் போய், அங்கே இன்னொரு ரயில் பிடித்து மேற்கே பாலக்காட்டில் போய் இறங்கப்போகிறார்களாம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

"எந்தப் பக்கமாப் போனா என்னங்க? ஏறுன ஊரும் எறங்கற ஊரும் டிக்கெட்டுல சரியா இருக்குதில்லீங்க?" என்றார் சின்னையன்.

நேர்வழிக்குக் கொடுத்த டிக்கெட்டில் சுற்றுவழி வரக்கூடாது என்று வேதமுத்து சட்டம் சொன்னார். எதிரே இருந்த துணி வியாபாரி நூஹு ராவுத்தர் வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். பழனிமலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலே ஏறுகிறவனும் பழனிக்குப் போனவன்தானே என்பது அவர் வாதம். காலையிலிருந்து நடக்கிற செக்குமாட்டுக்கு எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பீர்கள் என்று கேட்டார் இன்னொருவர். பெட்டி இரண்டு கட்சியாகிவிட்டது.

"நேர்வழி இருக்கும்போது எதுக்கு இந்தச் சுத்து?" என்றார் வேதமுத்து.

"இன்னைக்குப் புதன்கெழமைங்க. வடக்கே சூலம்."

"இந்த ரயிலும் வடக்கதான் ஓடுது."

"அது ரயிலு போற தெசைங்க. நாங்க ஊட்டை உட்டுக் கெளம்புனது கெழக்கயுங்க."

"வடக்கே சூலம்னா பால் குடிச்சிட்டுக் கிளம்புன்னு காலண்டர்லயே போட்டிருக்கான்."

"மாடு வத்திப்போச்சுங்க."

பெட்டியே சிரித்தது. வேதமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. டிக்கெட் எரிச்சலைவிட அந்தப் பெண்ணைப் பார்த்த எரிச்சல்தான் அவருக்கு அதிகமாக இருந்தது.

"உம்ம கோட்டித்தனத்துக்காக, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கிற பிள்ளையை மூணு ரயில் ஏத்தி எறக்குறீரே. நீரெல்லாம் மனுஷன்தானா?"

வேலாத்தாள் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

அபராதம் கட்டிவிடுகிறேன் என்று சின்னையன் மடியைத் தடவினார். வேதமுத்து கேட்கிற நிலையில் இல்லை. "உம்ம பணம் வேண்டாம். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, இந்தப் பிள்ளையை ஒழுங்கா ஊருக்குக் கூட்டிட்டுப் போம்" என்றார்.

அடுத்த ஸ்டேஷன் கிணத்துக்கடவு. ரயில் நின்றதும் வேதமுத்து கதவைத் திறந்துவிட்டார். சின்னையன் வாசல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"செட்டிபாளையத்துல எறங்கிக்கறமுங்க. செயிலுக்கு வேணாலும் வாறனுங்க. இங்க மட்டும் எறக்கி உட்றாதீங்க."

"ஏன், இந்தத் தரையிலயும் சூலமா?"

சின்னையன் குரலைத் தாழ்த்தினார். "இது எம் மருமவ பொறந்த ஊருங்க. கல்யாணத்தன்னிக்கு இவ அப்பனுக்கும் எனக்கும் சண்டை. எங்கூட்டு ஆளு யாரும் இந்த ஊரு மண்ணை மிதிக்கமாட்டோம், இவங்க யாரும் என்ற வாசலை மிதிக்கப்படாதுன்னு மாரியாத்தா முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டனுங்க."

"அப்படி என்ன சண்டை?"

"எலைக்கு ஒரு அப்பளந்தான் போட்டாங்க."

வேதமுத்து வாயைத் திறப்பதற்குள் பிளாட்பாரத்தில் ஒரு பெண்மணி கூடையோடு ஓடிவந்து, நேராக வேலாத்தாளின் ஜன்னலில் நின்றாள். வேலாத்தாள் அதுவரை பேசாதவள், "அம்மா" என்றாள்.

நிறைமாதப் பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து கட்டுச்சோறு வர வேண்டும் என்பது கொங்குநாட்டு வழக்கம். அது வராத பெண்ணுக்கு எத்தனை விருந்து போட்டாலும் மனசு நிறையாது. கூடையிலிருந்து புளிச்சோறு வந்தது, தேங்காய்ச்சோறு வந்தது. ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டு அம்மா ஊட்டினாள். மகள் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள்.

இந்த ரயிலில் வருவதை அம்மாவுக்கு யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. வாராவாரம் கிணத்துக்கடவுச் சந்தைக்குத் துணி கொண்டுபோகிற நூஹு ராவுத்தர் மட்டும் பெட்டியின் கூரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு அது?" என்றார் வேதமுத்து. குரல் இறங்கியிருந்தது.

சின்னையன் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "தெரியலீங்க. சுத்துவழிப் பயணம் போறவங்களுக்கு யாரோ கட்டுச்சோறு குடுக்கறாங்க போல."

"அப்ப உம்ம சத்தியம்?"

"ரயிலு மண்ணை மிதிக்காதுங்களே."

கார்டு விசிலை ஊதினார். கூடையில் தயிர்ச்சோறு இன்னும் பிரிக்காமல் இருந்தது. வேதமுத்து வாசலில் நின்று வெளியே எட்டி, போக வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"என்ன சார், எதுக்கு நிறுத்தணும்?" என்று கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கத்தினார்.

வேதமுத்து திரும்பி ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் பொறும். வடக்கே சூலம்."