எண்பத்தைந்து கிலோ

"அண்ணன்காரன் ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கிறான். இவளுக்கு இடுப்பு இளைக்கணுமாம்!"

ஜிம்மின் உடை மாற்றும் அறையில், திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசியது ரைஹானுக்கு நன்றாகவே கேட்டது.

"வயசு நாப்பத்திரண்டு. மூணு பிள்ளை வேற. யாருக்குக் காட்டப் போறாளாம்?"

ரைஹான் காலணியைக் கழற்றிவிட்டு எடை மிஷினில் ஏறி நின்றாள்.

எண்பத்தைந்து.

நேற்றும் எண்பத்தைந்து. போன மாதமும் அதேதான்.

அவள் அண்ணன் எர்மெக்குக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. ஒரு துண்டு வெட்டி அவனுக்கு வைக்க, சொந்தத்தில் பொருந்தியது ரைஹானுடைய ஈரல் மட்டும்தான். ஆனால் தலைநகரத்து டாக்டர் அவளுடைய ஸ்கேனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஈரல் முழுக்கக் கொழுப்பும்மா. எண்பது கிலோவுக்கு இறங்கி வாங்க. அப்பத்தான் கத்தி வைக்க முடியும்."

அன்றைக்கு அவள் தொண்ணூற்றாறு. அவர்கள் ஊரான கரகண்டாவில் பனி முழங்கால் அளவு கொட்டிக் கிடந்த நாட்களிலும் ஜிம்முக்குப் போய் ஓடும் மிஷினில் ஓடினாள். இரண்டரை மாதத்தில் பதினோரு கிலோ இறங்கியது. பாக்கி ஐந்தே ஐந்து.

அப்போதுதான் அண்ணன் போன் செய்தான். ஒரு காலத்தில் பளு தூக்குவதில் அந்த ஊரே கொண்டாடியவன். ஜிம் நடத்தும் தொலெகனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான்.

"ஓடினது போதும் குண்டம்மா. ஓடினா சதைதான் கரையும், கொழுப்பு அப்படியே இருக்கும். இனிமே இரும்பைத் தூக்கு."

"சீக்கிரம் இறங்குமாண்ணே?"

"அண்ணன் சொன்னா கேளு."

குரல் ஒடுங்கியிருந்தது. கிண்டல் மட்டும் குறையவில்லை.

அண்ணன் சொன்னால் மறுபேச்சு ஏது? தூக்கினாள். உள்ளங்கை காய்த்தது, தோள் இறுகியது. எடை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

"தொலெகன், ஓடினப்போ இறங்குச்சேப்பா! இரும்பைத் தொட்டதிலிருந்து ஒரு கிராம்கூடப் போகலை. நான் மறுபடி ஓடறேனே?"

"மாஸ்டருக்குத் தெரியாததா அக்கா? பொறுங்க."

அவள் முகத்தைப் பார்க்காமலே கம்பியில் இன்னொரு வட்டை மாட்டினான் தொலெகன்.

ரொட்டியை விட்டாள். இறைச்சியை விட்டாள். தேநீரில் பால் ஊற்றுவதையும் விட்டாள். ஒருநாள் அடுப்படியில் மயங்கி விழுந்தபோது கணவன் கத்தினான்.

"உனக்கும் ஒரு படுக்கை போடணுமா அந்த ஆஸ்பத்திரியில?"

மறுநாள் ஏறி நின்றாள். எண்பத்தைந்து.

தினமும் காலையில் அண்ணி குல்யாஷ் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவாள்.

"எவ்வளவு?"

"எண்பத்தஞ்சுதான் அண்ணி."

அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. சற்று நேரம் கழித்துப் போன் வைக்கப்படும். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம் என்று தோன்றும் ரைஹானுக்கு.

பனி உருகத் தொடங்கிய வாரத்தில் எர்மெக் போய்விட்டான்.

ஏழாம் நாள் சாப்பாடு. வீடு கொள்ளாத கூட்டம். ரைஹான் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தாள். குல்யாஷ் ஒரு தட்டு நிறைய, அங்கே வழக்கமான குதிரை இறைச்சியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு. இனிமே எதுக்குப் பட்டினி?"

பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ரைஹானுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஐந்து கிலோ. வெறும் ஐந்து கிலோவைக் குறைக்க வக்கில்லாமல் கூடப் பிறந்தவனைக் கொன்றுவிட்டாள். அதைத்தானே அண்ணி ஊரைக் கூட்டிவைத்துச் சொல்கிறாள்?

எழுந்து வெளியே வந்தாள். குளிரில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பின்னாலேயே அவளுடைய கோட்டை எடுத்துக்கொண்டு தொலெகன் வந்தான்.

"அக்கா, போதும்க்கா. இதுக்கு மேல என்னால மறைக்க முடியலை."

"என்ன?"

"நீங்க எண்பத்தஞ்சுக்கு வந்த அன்னிக்கு மாஸ்டர் எனக்குப் போன் பண்ணார். 'அவளை ஓட விடாதே, இரும்பைத் தூக்க வை. கொழுப்பு போற அளவுக்குச் சதை ஏறட்டும். அவ எடை இறங்கவே கூடாது'ன்னார்."

ரைஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஈரலை மாத்தினாலும் பிழைக்கிறது சந்தேகம்னு டாக்டர் அவர்கிட்ட சொல்லிட்டாராம். 'சாகப் போறவனுக்காக மூணு பிள்ளைக்காரியை எதுக்குடா அறுக்கணும்?'னு கேட்டார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டார்."

ரைஹான் வீட்டுப் பக்கம் திரும்பினாள். ஜன்னல் வழியே, உள்ளே குல்யாஷ் யாருக்கோ தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"பாவி, இப்படிப் பண்ணிட்டானே... அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதேப்பா. தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க."

தொலெகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாஸ்டருக்குக் கையில வலு இல்லைக்கா. அன்னிக்கு அவர் பேசி முடிக்கிற வரைக்கும் போனை அவர் காதுல பிடிச்சுக்கிட்டிருந்ததே அண்ணிதான்."