வெளி வேலி ஓரம்

முரசடிப்பவன் மேடையேறிவிட்டான். ஒபதியா இன்னும் தன் செவலைக் குதிரையின் வயிற்றில் அப்பியிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தான்.

முதல் ஓட்டம் டாலிவரின் கறுப்புக் குதிரைக்கு. இரண்டாவது, அரைத் தலை வித்தியாசத்தில், செவலைக்கு. இந்த மூன்றாவதில் எது முந்துகிறதோ அதற்குத்தான் கோப்பை.

செவலை தோற்றால் டாலிவரின் லாயத்துக்குப் போய்விடும். வேறு எந்தப் பந்தயப் பொருளுக்கும் அந்த ஆள் ஒபதியாவோடு ஓட ஒப்புக்கொள்ளவில்லை.

பிறந்த அன்றே தாயை இழந்த குட்டி அது. பசும்பாலில் துணியை நனைத்து நனைத்து ஊட்டி எழுப்பியவன் ஒபதியா.

விடிந்ததிலிருந்து மழை. கென்டக்கியின் சிவந்த மண் கூழாகிக் கிடந்தது.

சேணத்தில் உட்கார்ந்திருந்த காலேபின் முழங்காலை ஒபதியா பிடித்தான். தங்கை மகன்.

"கடைசி வளைவு திரும்பினதும் வெளி வேலி ஓரம் ஒதுங்கிடு."

"அது சுத்து வழி மாமா. மூணு குதிரை நீளம் வீணாப் போயிடும்."

"போகட்டும். வேலிக்கும் உனக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிற இடம் விடு. அப்புறம் சவுக்கே வேண்டாம்."

முரசு அதிர்ந்தது.

முதல் சுற்று முழுக்கக் கறுப்புதான் முன்னால். அதன் குளம்பு வாரியடித்த சேறு செவலையின் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில் கறுப்பு உள்வேலியை ஒட்டித் திரும்பியது. காலேப் வெளியே இழுத்தான்.

மேடையில் சிரிப்பு கிளம்பியது.

"ஒபதியா, என் லாயம் அந்தப் பக்கம்தான்," என்று டாலிவர் மேலேயிருந்து கத்தினார். "வழி தெரிஞ்சே போகுது பாரு உன் குதிரை."

ஒபதியா திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

சளக், சளக் என்று சேறு குளம்புகளை விழுங்கித் துப்பும் சத்தம்.

பிறகு, வெளிப்பக்கமிருந்து மட்டும், சத்தம் மாறியது.

டக். டக். டக். டக்.

வலது கணுக்காலைக் குனிந்து ஒருமுறை தேய்த்துக்கொண்டு அவன் கண்ணைத் திறந்தான்.

கறுப்பு ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்தது. செவலை தெருவில் ஓடுவதுபோல ஓடியது. சவுக்கு காலேபின் இடுப்பில் செருகினபடியே இருந்தது. நாலு குதிரை நீளம் முந்திச் செவலை முடிவுக் கம்பத்தைத் தாண்டியபோது, வேலிக்கு வெளியே நின்ற சமையல்காரிகளும் லாயக்காரர்களும் துணி வெளுக்கிறவர்களும் கையில் அகப்பட்டதையெல்லாம் வானத்தில் எறிந்தார்கள். யாரோ ஒரு முழுக் கோழி வறுவலையே எறிந்துவிட்டார்கள்.

டாலிவர் கீழே இறங்கி வந்தார். முகம் மழையில் நனைந்த காகிதம் போலிருந்தது.

"இருபது வருஷமா இந்தத் தடத்துல மண்ணைக் கிளறிச் சமப்படுத்துற பலுகு இழுத்தவன். எங்க இரும்புப் பல்லு எறங்கும், எங்க எறங்காதுன்னு பாத்து வச்சிருக்கான்," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த இருபதில் முதல் பன்னிரண்டு வருஷம் அவன் கூலி வாங்காமல் இழுத்தது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

காலேப் குதித்து இறங்கினான். பல்லைத் தவிர மற்றதெல்லாம் சேறு.

"மேல நாலு விரல் சேறு, கீழ கல்லு மாதிரி இருக்கு மாமா. பலுகுலயா கண்டுபிடிச்சே?"

"இல்ல." ஒபதியா குதிரையின் நெற்றியைத் துடைத்தான். "தடம் போடறதுக்கு முன்னாடி அங்க ரோடு. லெக்சிங்டன்ல மனுஷங்கள விக்கிற ஏலச் சந்தைக்குப் போற ரோடு. ஒன்பது வயசுல எங்கம்மாகூட அதுல நடந்து வந்தேன். நாப்பது பேரு, காலுல ஒரே சங்கிலி. அப்பவே அந்த மண்ணு கெட்டி. எங்களுக்கு முன்னாடி எத்தன பேரு மிதிச்சாங்களோ."

காலேப் அவனுடைய கணுக்காலைப் பார்த்தான். பிறகு வேறெங்கோ பார்த்தான்.

ஜெயித்த குதிரையை மேடைக்கு முன்னால் உள்வேலியோரம் நடத்திக் காட்டுவது வழக்கம். நடுவர் கைகாட்டி அழைத்தார்.

ஒபதியா செவலையோடு வெளி வேலி ஓரமாகவே நடந்தான். அவசரமில்லாமல், அந்தக் கெட்டி மண்ணில், முழுத் தூரமும்.

கயிறு இந்த முறை அவன் கையில் இருந்தது.